துளி எழுதிய ஏடு

தமிழ்நாட்டின் வடமேற்கு மூலையில், கருநாடக எல்லையை ஒட்டி அமைந்த ஊர் ஓசூர். கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 880 மீட்டர் உயரத்தில் இருத்தலின், கோடையிலும் அங்குக் கொடிய வெப்பம் இல்லை. கேழ்வரகும் கொள்ளும் விளையும் நிலங்களை அடுத்து இன்று ஆலைகள் வரிசையாக எழுந்து நிற்கின்றன. மோட்டார் வண்டிகள், இயந்திர உறுப்புகள், கைக்கடிகாரங்கள் ஆகியன அவற்றில் உருவாகின்றன. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா நிறுவனமும் கூட்டாக 1984-ஆம் ஆண்டில் தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் கடிகாரத் தொழிற்சாலை இவ்வூரில்தான் உள்ளது.

இக்காலக் கைக்கடிகாரங்களிற் பல படிகக்கல்லைக் கொண்டு இயங்குவன. குவார்ட்சு எனப்படும் அப்படிகத்தின் சிறு துண்டு ஒன்று மின்னாற்றலால் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அவ்வதிர்வுகளை எண்ணியே கடிகாரத்தின் முள் நகர்த்தப்படுகிறது. இதற்கு வேண்டிய படிகத்தை மனிதன் மலையைக் குடைந்து தேடுவதில்லை; உறுதியான எஃகுக் கலத்தில், மிகுந்த வெப்பமும் அழுத்தமும் உடைய நீரில், சில வாரங்களில் வளர்த்துக்கொள்கிறான். ஆனால், இக்கலையில் மனிதனுக்கு மூத்த ஆசான் ஒருவர் உண்டு. அவ்வாசான் இயற்கை. ஒளி புகாத சுண்ணாம்புக்கல் குகைகளில், துளித்துளியாகச் சொட்டும் நீரையே கருவியாகக் கொண்டு இயற்கை படிகங்களை வளர்க்கிறது. அதற்கு அவசரம் என்பதே இல்லை. அங்கே பிறக்கும் கனிமங்களுள் சில, வேறிடங்களில் எளிதிற் காண இயலாதவை. அவை எவ்வாறு பிறக்கின்றன, அவை மனிதனுக்கு உணர்த்துவன யாவை என்பனவற்றை அறிதல் இன்பமும் பயனும் தருவதாகும்.

இலக்கண நூலார் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் எனப் பகுப்பர். முன்னோர் செய்த முதல்நூலைத் தழுவி, வேண்டிய வேறுபாடுகளுடன் பின்னர் எழுவது வழிநூல். கனிமங்களுக்கும் இப்பகுப்பு ஒருவாறு பொருந்தும். பாறை உருவானபோதே அதனுடன் தோன்றியவை முதற்கனிமங்கள். பின்னர் நீரும் காற்றும் வெப்பமும் உயிர்களும் அவற்றைக் கரைத்தும் மாற்றியும் புதியனவாகப் படியச் செய்தவை வழிக்கனிமங்கள். இவற்றை அறிவியலார் இரண்டாம்நிலைக் கனிமங்கள் என்பர். குகையின் சுவரும் கூரையும் முதல்நூல் போன்றவை. அவற்றின்மேல் தொங்குவனவும் முளைப்பனவும் பூப்பனவும் வழிநூல்கள். உலகின் குகைகளில் 250-க்கும் மேற்பட்ட கனிமங்கள் காணப்பட்டுள்ளன. அவற்றுள் மிகப் பலவும் அரியவை. ஒரு சிலவே எங்கும் காணக் கிடைப்பவை.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பாறைகளோ சுண்ணாம்புக்கல் அல்ல. கருங்கல்லும் அதனை ஒத்த வரிப்பாறைகளுமே அங்கு மிகுதி. அவை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழமையானவை. நீர் அவற்றை எளிதிற் கரைத்துக் குடைவதில்லை. ஆதலின், நீர் குடைந்த பெருங்குகைகளை அம்மாவட்டத்திற் காண்பதற்கில்லை. எனினும், குகைக் கனிமங்களைத் தோற்றுவிக்கும் அதே வேதிவினை அங்கும் ஓயாமல் நடைபெறுகிறது. மழைநீர் மண்ணில் இறங்கிக் கருங்கல்லின் சில கூறுகளை மிக மெல்லச் சிதைக்கும்போது, அவற்றிலிருந்து சுண்ணாம்புச் சத்து விடுபட்டு நீரில் கலக்கிறது. வறண்ட நாட்களில் அந்நீர் மண்ணிடையே சுண்டும்போது, சுண்ணாம்பு வெண்மையான கட்டிகளாகத் திரள்கிறது. உழவர் கிணறு தோண்டுகையில் மண்ணிடையே காணும் சுக்கான்கல் இதுவே. முற்காலத்தில் இதனைக் காளவாயில் இட்டுச் சுட்டு, வீடு கட்டுவதற்கும் வெற்றிலைக்கும் வேண்டிய சுண்ணாம்பைப் பெற்றனர்.

நீருக்கு மாநில எல்லை இல்லை. கருநாடகத்தின் நந்தி மலைப்பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, ஓசூருக்கு அருகே தமிழ்நாட்டிற்குள் புகுகிறது. ஆற்று நீர் மணலையும் வண்டலையும் மட்டும் சுமந்து வருவதில்லை. கண்ணுக்குப் புலனாகாத வண்ணம் கரைந்த சுண்ணாம்பையும் சுமந்து வருகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரைப் பலநாள் காய்ச்சிய பாத்திரத்தின் உட்புறத்தில் வெண்மையான ஏடு படிந்திருப்பதை இல்லத்தில் எவரும் காணலாம். அவ்வேடு ஏன் படிகிறது என்பதை உணர்ந்த மாணவன், குகையின் மறைபொருளிற் பாதியை உணர்ந்தவன் ஆவான்.

அம்மறைபொருள் இது. மழைத்துளி வானிலிருந்து விழும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிதளவு பற்றிக்கொள்கிறது. மண்ணுக்குள் புகுந்ததும் அவ்வாயு அதற்குப் பன்மடங்கு கிடைக்கிறது. ஏனெனில், வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிடுவதால் மண்ணிடையே உள்ள காற்றில் கரியமில வாயு மிகுதி. இவ்வாறு சற்றே அமிலத் தன்மை பெற்ற நீர், சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் இறங்கி, பாறையை இம்மியளவாகக் கரைத்துத் தன்னுள் ஏற்றுக்கொள்கிறது. அந்நீர் குகையின் கூரையில் துளியாகத் தொங்கும்போது நிலைமை மாறுகிறது. மண்ணின் காற்றைவிடக் குகையின் காற்றில் கரியமில வாயு குறைவு. ஆகவே துளியிலிருந்து அவ்வாயு வெளியேறுகிறது. வாயு நீங்கிய நீரால் சுண்ணாம்பைத் தாங்கி நிற்க இயலவில்லை. அது தன் சுமையிற் சிறு பகுதியை இறக்கிவிட்டுக் கீழே விழுகிறது. நீர் ஆவியாகிப் போவதனாலேயே சுண்ணாம்பு படிகிறது எனப் பலர் எண்ணுவர். ஈரம் நிறைந்த ஆழ்குகையில் நீர் ஆவியாவது மிகவும் குறைவு. வாயு வெளியேறுவதே தலையாய காரணம். காய்ச்சும் நீரிலிருந்து வெப்பத்தால் அவ்வாயு வெளியேறுவதே பாத்திரத்தில் ஏடு படிவதற்கும் காரணமாகும்.

கூரையில் ஒவ்வொரு துளியும் மெல்லிய வளையம் ஒன்றை விட்டுச் செல்கிறது. வளையத்தின்மேல் வளையம் அமைந்து, தாமரைத் தண்டு போல் உள்ளே துளையுடைய ஒரு குழல் தோன்றுகிறது. பின்னர்த் துளை அடைபட்டு, நீர் வெளிப்புறமாக வழிய, அக்குழல் ஆலமர விழுது போல் பருக்கிறது. இதனைக் கல்விழுது என்பர். கீழே விழுந்த துளி எஞ்சிய சுண்ணாம்பைத் தரையில் இட, அங்கு எழுவது கல்முளை. இவை பெரும்பாலும் கால்சைட்டு என்னும் கனிமத்தால் ஆனவை. கல்முளை பொதுவாக ஓர் ஆண்டில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே உயரும். அதனினும் குறைவாக வளர்வனவும் பல. அவ்வளவிற் கணக்கிட்டால், ஒரு மாணவனின் முழங்கால் உயரம் வளர்வதற்கு நாலாயிரம் ஐயாயிரம் ஆண்டுகள் ஆகும்.

இதனைப் போன்ற வெண்குழல்கள் பழைய பாலங்களின் அடியிலும் தொங்குவதைக் கூர்ந்து நோக்குவோர் காண்பர். அவை சிமெண்டிலுள்ள சுண்ணாம்பு மழைநீரில் கரைந்து வழிவதால் உண்டாவன. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. குகைத் துளி கரியமில வாயுவை இழந்து சுண்ணாம்பை இடுகிறது. பாலத்துத் துளியோ வெளிக்காற்றிலிருந்து அவ்வாயுவை ஏற்றுச் சுண்ணாம்பை இடுகிறது. அதனால் பாலத்துக் குழல் குகைக் குழலைக் காட்டிலும் மிக விரைவாக நீள்கிறது. தோற்றம் ஒன்றாயினும் பிறப்பு வேறு என்பதற்கு இது தக்க சான்று.

ஓசூரிலிருந்து வடக்கே சென்றால் இத்தகைய உண்மைக் குகைகளைக் காணலாம். ஆந்திரப் பிரதேசத்தின் நந்தியால் மாவட்டத்தில் உள்ள பேலம் குகை அவற்றுட் சிறந்தது. குகை என்னும் பொருளுடைய பிலம் என்னும் வடசொல்லே பேலம் எனத் திரிந்தது என்பர். மிகத் தொன்மையான சுண்ணாம்புக்கல்லை நிலத்தடி நீர் குடைந்து உண்டாக்கிய அக்குகையில் இதுவரை 3,229 மீட்டர் நீளம் அளக்கப்பட்டுள்ளது. இராபர்ட் புரூசு பூட் என்னும் நிலவியல் அறிஞர் 1884-ஆம் ஆண்டில் இதனைப் பற்றிக் குறிப்பிட்டார். 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து, இந்திய வரலாற்றின் தொடக்கத்தையே பின்னுக்குத் தள்ளியவரும் அவரே. பிற்காலத்தில் சேலத்தை அடுத்த ஏற்காட்டில் வாழ்ந்தார். 1982 முதல் 1984 வரை செர்மானியக் குகை ஆய்வாளர் குழு ஒன்று பேலம் குகையை விரிவாக ஆராய்ந்து அளந்தது.

கால்சைட்டு எங்கும் பிறப்பது. அரிய கனிமங்கள் பிறப்பதற்கு அரிய பொருள்கள் வேண்டும் என எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று. சுண்ணாம்பு, கந்தகம், மக்னீசியம், களிமண், உயிர்களின் கழிவு ஆகிய எளிய பொருள்களே பல அரிய கனிமங்களுக்கு மூலமாகின்றன. அரியது அப்பொருள்களின் சந்திப்பு. அதனினும் அரியது, அச்சந்திப்பு நெடுங்காலம் குலையாமல் நிலைத்தல். இதனை மூன்று சான்றுகளால் விளக்கலாம்.

முதலாவது, நீரின் சேர்க்கை மாறுதல். தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகிய ஊர்களின் உப்பளங்களைக் கண்டவர்கள் இதனை எளிதில் உணர்வர். கடல்நீர் பாத்தியில் சுண்டும்போது அதிலுள்ள பொருள்கள் அனைத்தும் ஒருங்கே படிவதில்லை. முதலிற் சுண்ணாம்பும், அடுத்து ஜிப்சமும், பின்னர் உப்பும் படிகின்றன. இறுதியில் எஞ்சும் கைப்புநீரில் மக்னீசியம் மிகுந்திருக்கும். குகைச் சுவரில் மெல்லப் பரவும் நீரிலும் இத்தகைய ஒழுங்கு ஒன்று உண்டு. முதலிற் கால்சைட்டு படிந்து சுண்ணாம்பு குறையக் குறைய, மக்னீசியத்தின் பங்கு உயர்கிறது. மக்னீசியம் கால்சைட்டின் வளர்ச்சியைத் தடுக்கும். அப்போது அதே சுண்ணாம்பு, வேறோர் அணுவமைப்புடைய அரகோனைட்டு என்னும் கனிமமாகப் படிகிறது. கால்சைட்டுக்கும் அரகோனைட்டுக்கும் பொருள் ஒன்றே; அடுக்கப்பட்ட முறைதான் வேறு. ஒரே எழுத்துகளை இடம் மாற்றி வைத்தால் வேறு சொல் பிறப்பது போன்றது இது. அரகோனைட்டு ஊசி ஊசியாக, வெண்பூங்கொத்துப் போல் விரியும். அதற்கும் பின்னர், மக்னீசியம் மேலும் மிகுந்தால், அவ்வூசிகளின் நுனியில் ஹன்டைட்டு, ஹைட்ரோமக்னசைட்டு முதலிய கனிமங்கள் வெண்தயிர் போன்ற மென்குழம்பாகத் தோன்றும். சேலத்து மலைகளில் மக்னீசியம் மிகுந்த பாறையில் கரியமில வாயு கலந்த நீர் வேலை செய்ததால் வெண்ணரம்புகள் போல் மக்னசைட்டு தோன்றியிருப்பதும் இவ்வினைக்கு உறவுடையதே.

இரண்டாவது, உயிர்களின் கொடை. பகலெல்லாம் குகைக் கூரையில் தொங்கும் வௌவால்கள், இரவில் வெளியே சென்று பூச்சிகளை உண்டு திரும்புகின்றன. அவற்றின் எச்சம் தரையில் மேடாகக் குவிகிறது. அவ்வெச்சத்திலுள்ள பாசுபரம் நீரில் கரைந்து, சுண்ணாம்புக்கல்லைச் சந்திக்கும்போது அபட்டைட்டு உண்டாகிறது. மனிதனின் எலும்பும் பல்லும் இவ்வகைக் கனிமத்தால் உறுதி பெற்றவையே. அமிலத் தன்மையும் ஈரமும் மிகுந்த இடத்தில் பிரஷைட்டு தோன்றும். அந்நீர் களிமண்ணைச் சந்தித்தால், தாரனகைட்டு என்னும் வெண்மையான கனிமம் பிறக்கும். நியூசிலாந்தின் தாரனகி என்னும் இடத்தின் பெயரால் அஃது அப்பெயர் பெற்றது. எச்சம் ஒன்றே, அது சந்திக்கும் பொருளுக்கு ஏற்பப் பிறப்பது வேறு வேறு. வௌவால்கள் குகையை விட்டு நீங்கினால் இப்பிறப்பும் நாளடைவில் நின்றுவிடும்.

மூன்றாவது, ஆழத்திலிருந்து எழும் கந்தகம். அமெரிக்காவின் நியூமெக்சிகோ மாநிலத்தில் லெச்சுகியா என்னும் குகை உள்ளது. 1986-ஆம் ஆண்டில் ஆய்வாளர் சிலர், அதன் வாயிற் பகுதியை அடைத்திருந்த கற்குவியலை அகற்றி உட்புகுந்தனர். அன்று தொடங்கி 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழிகள் அங்கே அளக்கப்பட்டுள்ளன. ஏனைய குகைகளைப் போல் மேலிருந்து இறங்கிய மழைநீரால் மட்டும் அஃது உருவானதன்று. நிலத்தடியில் உள்ள எண்ணெய்ப் படுகைகளிலிருந்து, அழுகிய முட்டையின் நாற்றம் உடைய ஐதரசன் சல்பைடு என்னும் வாயு மேலே எழுந்தது. அது காற்றின் உயிர்வளியைச் சந்தித்துக் கந்தக அமிலமாக மாறியது. அவ்வமிலம் சுண்ணாம்புக்கல்லை அரித்துப் பெருங்கூடங்களை உண்டாக்கியது. அரிக்கப்பட்ட கல் ஜிப்சமாக மாறியது. அந்த ஜிப்சம் பிற்காலத்தில் நீரிற் கரைந்து மீண்டும் படிந்து, சரவிளக்குப் போல் கூரையிலிருந்து தொங்குகிறது. ஆறு மீட்டர் நீளம் உடையனவும் அங்கே உள்ளன. அதே அமிலம் குகையின் களிமண்ணைத் தாக்கியதால் அலுனைட்டு என்னும் கனிமம் பிறந்தது. அலுனைட்டில் பொட்டாசியம் உண்டு. அதன் ஒரு வகை அணு, அளவறிந்த வேகத்தில் ஆர்கான் வாயுவாக மாறும். அவ்வாயுவை அளந்து, இப்பகுதிக் குகைகள் ஏறத்தாழ 40 லட்சம் ஆண்டுகளிலிருந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகள் வரை பழமையானவை என 1998-இல் அறிவித்தனர்.

சந்திப்பு நிலைத்து நிற்றலின் பெருமைக்கு மெக்சிகோ நாட்டின் நைக்கா சுரங்கம் சிறந்த சான்று. அங்கே 2000-ஆம் ஆண்டில், நிலத்தடியில் ஏறத்தாழ 300 மீட்டர் ஆழத்தில், சுரங்கத் தொழிலாளர் சுண்ணாம்புப் பாறையிடையே ஒரு குகையைக் கண்டனர். அதனுள் ஜிப்சப் படிகங்கள் பனைமரங்கள் சாய்ந்து கிடப்பன போல் குறுக்கும் நெடுக்குமாக நின்றன. மிகப் பெரியது 11 மீட்டர் அளவு நீளமுடையது. எரிமலைக் குழம்பின் வெம்மையால், அக்குகையை நிறைத்திருந்த நீர் ஏறத்தாழ 58 பாகை வெப்பத்திற்குச் சற்றுக் கீழே இலட்சக்கணக்கான ஆண்டுகள் மாறாமல் நின்றது. அவ்வெப்பம் ஒரு நுட்பமான எல்லைக்கோடு. அதற்கு மேல் அன்ஹைட்ரைட்டு என்னும் கனிமம் நிலைபெறும். அதற்குக் கீழ் அது கரைந்து ஜிப்சமாக மாறும். எல்லைக்கு மிக அருகே இருந்தமையால் மாற்றம் மிகமிக மெதுவாக நிகழ்ந்தது. விரைந்து படிந்திருந்தால் எண்ணற்ற சிறு படிகங்களே தோன்றியிருக்கும். மெல்லப் படிந்தமையால், சில படிகங்களே தோன்றிப் பேருருவம் பெற்றன. பாகு காய்ச்சுவோர் பதம் தவறாமல் அடுப்பைக் காப்பது போல், பூமி தன் வெப்பத்தை அங்கே காத்தது எனலாம்.

இவ்வாறு பிறக்கும் கனிமங்கள் காட்சிக்கு இனியவை என்பது மட்டுமன்று. அவை காலத்தைப் பதிந்து வைத்த ஏடுகளும் ஆகும். குகைக்கு இறங்கும் நீரில் மிகச் சிறிதளவு யுரேனியம் கரைந்து வரும். தோரியமோ நீரில் கரைவதில்லை. ஆதலின், புதிதாகப் படியும் கால்சைட்டில் யுரேனியம் இருக்கும்; தோரியம் இராது. பின்னர் யுரேனியம் அணுக்கள் தமக்குரிய வேகத்தில் சிதைந்து தோரியமாக மாறத் தொடங்கும். ஒரு கல்முளையை அறுத்து, ஒரு படலத்தில் தோரியம் எவ்வளவு சேர்ந்துள்ளது என்று அளந்தால், அப்படலம் படிந்த காலம் தெரியவரும். ஏறத்தாழ ஐந்து லட்சம் ஆண்டுகள் வரை இம்முறையால் கணக்கிடலாம். மேலும், அப்படலத்திலுள்ள உயிர்வளி அணுக்களில் எடை மிக்கவையும் எடை குறைந்தவையும் எவ்விகிதத்தில் உள்ளன என்பதை அறிந்தால், அக்காலத்து மழையின் இயல்பும் புலப்படும். காலமும் மழையும் ஒரே ஏட்டில் அருகருகே எழுதப்பட்டிருப்பது வியப்பன்றோ?

இவ்வியப்புக்கு உரிய உலகச் சான்று இந்தியாவிலேயே உள்ளது. மேகாலயத்தில், சிரபுஞ்சி எனப்படும் சோரா ஊரின் அருகே மாம்லு குகை இருக்கிறது. அதிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு கல்முளை, ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை நலிவுற்றதைக் காட்டியது. எகிப்து, மெசபொடேமியா, சிந்துவெளி ஆகிய நாகரிகங்களின் மாற்றங்களை அக்கால வறட்சியோடு தொடர்புபடுத்தும் அறிஞர் பலர். 2018-ஆம் ஆண்டில் உலக நிலவியலார், அக்காலத்தில் தொடங்கி இன்றுவரை நீளும் நிலவியற் பருவத்திற்கு மேகாலயப் பருவம் எனப் பெயரிட்டனர். அதற்கு அடையாளமாக அக்கல்முளையையே ஏற்றனர். இன்று உலகில் வாழும் மக்கள் அனைவரும் மேகாலயப் பருவத்தில் வாழ்பவர்களே. 2022-இல் வெளியான உலகின் முதல் நூறு நிலவியல் மரபிடங்களின் பட்டியலில் மாம்லு குகையும் இடம்பெற்றது. பேரரசர் எவரும் கல்வெட்டில் பொறித்து வைக்காத வறட்சியை ஒரு துளி நீர் பொறித்து வைத்தது.

இச்செய்தி ஓசூர் உழவனுக்கும் உரியதே. அவன் கேழ்வரகு விதைப்பதும், அணைகளில் நீர் நிரம்புவதும், ஆலைகளுக்கு நீர் கிடைப்பதும் பருவமழையைப் பொறுத்தவை. மழையை முறையாக அளந்து குறிக்கும் வழக்கம் இந்தியாவிற் பரவி ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளே ஆகின்றன. அதற்கு முந்திய பல்லாயிரம் ஆண்டுகளில் மழை எத்தனை முறை பொய்த்தது, எவ்வளவு காலம் பொய்த்தது என்பதை அறியக் குகை ஏடுகள் பெருந்துணையாகின்றன. கடந்த கால வறட்சியை அறிந்தவனே வரக்கூடிய வறட்சிக்கு ஆயத்தமாவான்.

ஆயின், இவ்வேடுகள் எளிதில் அழிவன. கல்விழுதைத் தொட்ட கையின் எண்ணெய்ப் பசை அதன்மேல் படிந்தால், அடுத்து வரும் துளி சுண்ணாம்பை இடுவது தடைப்படும். குகையில் ஏற்றிய விளக்கின் ஒளியால் பாசி பற்றும். கூட்டமாகப் புகுவோரின் மூச்சினால் கரியமில வாயுவும் ஈரமும் மிகும். பிரான்சு நாட்டின் இலாசுகோ குகையில் நிகழ்ந்தது இதற்கு எச்சரிக்கை. பழங்கால மனிதர் தீட்டிய ஓவியங்கள் நிறைந்த அக்குகை 1940-இல் கண்டுபிடிக்கப்பட்டு, 1948-இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. பதினைந்து ஆண்டுகளுக்குள் பச்சைப் பாசியும் வெண்மையான கால்சைட்டுப் படிவும் ஓவியங்களைப் பற்றத் தொடங்கின. 1963-இல் குகையை மூட நேர்ந்தது. குகையில் கனிமத்தை வளர்க்கும் அதே வேதிவினை, அளவு மீறியபோது கேடாக மாறியது.

இதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. சுண்ணாம்புக்கல்லே சிமெண்டின் மூலப்பொருள். தமிழ்நாட்டில் அரியலூர்ப் பகுதியிலும், வடகிழக்கே மேகாலயத்திலும் அதற்காகவே அக்கல் வெட்டப்படுகிறது. ஓசூரின் ஆலைகளும் கிருஷ்ணகிரியின் பாலங்களும் பள்ளிக் கட்டடங்களும் சிமெண்டால் எழுந்தவை. ஆதலின், கல்லையே வெட்டலாகாது என்று கூறுதல் நேர்மையாகாது. ஆனால், பாறை வேறு, குகை வேறு. பாறை பரந்து கிடப்பது. ஓரிடம் தவிர்த்தால் மற்றோரிடத்தில் கிடைக்கும். குகையோ ஒன்றே. வெட்டுவதற்கு முன் நிலத்தின் உட்புறத்தை ஆராய்ந்து, குகை உள்ள இடத்தை விலக்கி வைப்பது அறிவுடையார் செயல். ஆயிரம் மூட்டை சிமெண்டை ஆலையில் ஒரு நாளில் செய்யலாம். மாம்லுவின் ஒரு கல்முளையை எந்த ஆலையும் எந்நாளும் செய்ய இயலாது.

நைக்காவின் படிகக் குகைக்கு நேர்ந்ததும் எண்ணத்தக்கது. சுரங்கத்தில் நீரை இறைத்து வெளியேற்றியதனாலேயே மனிதன் அதனைக் காண முடிந்தது. நீர் நீங்கியபோது படிகங்களின் வளர்ச்சியும் நின்றது. பின்னர் இறைப்பு நிறுத்தப்பட்டது; வெந்நீர் மீண்டும் உயர்ந்து குகையை நிறைத்தது. சில ஆண்டுகளே மனிதர் கண்ட அக்காட்சி இன்று நீருக்கு அடியில் இருக்கிறது. அதனை இழப்பு என வருந்துவோர் உண்டு. படிகங்களோ தமக்கு உரிய இடத்திற்குத் திரும்பியுள்ளன. காண்பதே எல்லாம் அன்று. காணாமல் விட்டுவைப்பதும் ஒருவகைப் பேணுதல்.

மாணவர்கள் ஒருநாள் பேலம் போன்ற குகைக்குச் செல்ல நேரலாம். அங்கே தலைக்குமேல் தொங்கும் கல்விழுதின் நுனியில் ஒரு துளி திரண்டு நிற்கும். நினைவுப் பொருளாக அந்நுனியை ஒடித்து எடுக்கக் கை நீளலாம். ஒடித்தெடுத்த துண்டு வீட்டு அலமாரியில் சில நாள் இருந்து, பின்னர்க் குப்பைக்குச் செல்லும். ஒடிந்த இடத்தை நிரப்பத் துளிக்கு ஆயிரம் ஆண்டுகள் வேண்டும். அத்துளி பெய்த மழையையும், கடந்து வந்த மண்ணையும், சந்தித்த வெப்பத்தையும் எழுதிக்கொண்டிருக்கிறது. எழுதுபவர் கையைத் தட்டிவிடாதிருத்தல் நல்லொழுக்கம். கற்க வந்தவர் அவ்வளவேனும் செய்தல் வேண்டும்.